கணிப்பொறிக்குப் பிடிபடாத இரவுக் காற்று



தை மாதத்து விடியலில் பஜ்ருத் தொழுகைக்குப் புறப்படும் பெரியவர்கள், காது மறையத் துண்டைச் சுற்றிக்கொண்டு நடப்பதைத் திருச்சித் தெருக்களில் காணலாம். முந்திய நாள் மாலைச் செய்தியில், ‘குறைந்தபட்ச வெப்பநிலை 21 டிகிரி செல்சியஸாக இருக்கும்’ என்று அறிவித்திருப்பார்கள். ஸ்ரீரங்கத்தில் வாழைத் தோட்டத்தை ஒட்டி நடப்பவருக்கு அந்த 21 டிகிரி, பல் கிட்டும் குளிராக இருக்கும். பெரிய கடைவீதியின் சந்துகளில் நடப்பவருக்கோ குளிரே தெரியாது. ‘இந்த வானிலைக்காரர்கள் சொல்வது எப்போது பலித்தது!’ என்று இருவருமே சலித்துக்கொள்வார்கள்.

இந்தச் சலிப்பு நியாயமானதுதானா?

2013 அக்டோபரில் ‘பைலின்’ புயல் ஒடிசாக் கரையை நெருங்கியபோது, அதன் பாதையை நம் நாட்டு வானிலைத் துறை முன்கூட்டியே கணித்துக் கூறியது. அதனால் ஏறத்தாழப் பத்து இலட்சம் மக்கள் பாதுகாப்பான இடங்களுக்கு அப்புறப்படுத்தப்பட்டனர். ஆகவே, வானிலைக் கணிப்பு வெறும் ஊகம் என்று எவரும் ஒதுக்கிவிட முடியாது. ஆயினும், நடுக்கடலில் சுழலும் புயலைக் கணிக்கும் அதே கணிப்பொறி, நம் வீட்டுக் கூரைக்கு மேல் அசையாமல் நிற்கும் இரவுக் காற்றைக் கணிப்பதில் தடுமாறுகிறது. விந்தையாகத் தோன்றினும் உண்மை இதுதான். அந்தத் தடுமாற்றம் ஏன் என்பதையும், அது நம் உடல்நலத்தையும் உயிரையும் எவ்வாறு தொடுகிறது என்பதையும் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம். நான் கலைப் பாடம் பயின்றவன். மதரஸாவில் பாடம் சொல்லிக் கொடுப்பவன். எனவே கணிதச் சமன்பாடுகளைக் காட்டி உங்களை அச்சுறுத்த மாட்டேன்.

பகல் ஓர் உலை. இரவு ஒரு குளம்

நிலத்தின் வெப்பமும் குளிர்ச்சியும் நேரடியாக எட்டுகின்ற காற்றின் அடிப்பகுதியை, வளிமண்டல ‘எல்லைப் படலம்’ என்று விஞ்ஞானிகள் அழைக்கின்றனர். நாம் மூச்சு விடுவதும், நம் அடுப்புப் புகை கலப்பதும், பனி இறங்குவதும் இந்தப் படலத்தில்தான்.

பகலில் இந்தப் படலம் அடுப்பிலேற்றிய உலையைப் போன்றது. வெயிலால் நிலம் சூடேறுகிறது. நிலத்தைத் தொட்ட காற்று இலேசாகி மேலெழுகிறது. மேலிருந்த காற்று கீழிறங்குகிறது. நீர் கொதித்துப் புரள்வதைப் போல் காற்றும் புரள்கிறது. இந்தப் புரளல் ஒன்று முதல் இரண்டு கிலோமீட்டர் உயரம் வரை எட்டுவதுண்டு. நண்பகலில் எழும் புகை அத்தனை உயரத்திற்கும் பரவி நீர்த்துப் போய்விடுகிறது.

மஃரிபுக்குப் பின் நிலைமை தலைகீழாகிறது. மேகமில்லாத இரவில் நிலம் தன் வெப்பத்தைக் கண்ணுக்குத் தெரியாத கதிர்களாக வானை நோக்கி விடுத்துக் குளிர்கிறது. நிலத்தைத் தொட்ட காற்றும் குளிர்கிறது. குளிர்ந்த காற்று கனமானது. எனவே அது மேலெழாமல் கீழேயே தங்கிவிடுகிறது. அதன் மேல் இளஞ்சூடான, இலேசான காற்று மூடி போலப் படிகிறது. மேலே செல்லச் செல்லக் குளிரும் என்பதே காற்றின் வழக்கம். இங்கே மேலே செல்லச் செல்ல வெப்பம் கூடுகிறது. காற்று, அலையடங்கிய குளத்தைப் போல் அடுக்கடுக்காக நின்றுவிடுகிறது.

இந்த இரவுப் படலத்தின் உயரம் எவ்வளவு? பெரும்பாலும் நூறிலிருந்து முந்நூறு மீட்டர். காற்று அறவே ஓய்ந்த இரவுகளில் நூறு மீட்டருக்கும் குறைவு. நம்மூர் மலைக்கோட்டையின் உயரம் சுமார் 83 மீட்டர். 1987இல் கட்டி முடிக்கப்பட்ட ஸ்ரீரங்கம் இராஜகோபுரத்தின் உயரம் சுமார் 72 மீட்டர். பகலில் இக்கோபுரத்தைப் போல் இருபது மடங்கு உயர்ந்திருந்த காற்றின் அரங்கம், இரவில் கோபுரத்தின் உச்சியளவுக்கே தாழ்ந்துவிடக் கூடும். மலைக்கோட்டைப் பாறையின் உச்சி அந்த மூடிக்கு வெளியே நிற்கும். கீழேயுள்ள தெருக்கள் மூடிக்கு உள்ளே இருக்கும்.

ஒரே கட்டத்துக்குள் ஒரு தீவு

கணிப்பொறி வானிலையை எப்படிக் கணிக்கிறது? பூமியின் மேலுள்ள காற்று முழுவதையும் கற்பனையாகச் சிறு சிறு கட்டங்களாகப் பிரித்துக்கொள்கிறது. ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு வெப்பநிலை, ஓர் ஈரப்பதம், ஒரு காற்று வேகம் என்று எண்களைக் கொடுத்து, இயற்பியல் விதிகளின்படி அடுத்தடுத்த நிமிடங்களில் அவை எப்படி மாறும் என்று கணக்கிடுகிறது. இதற்குத்தான் ‘மாதிரி’ என்று பெயர்.

கட்டம் சிறிதாகச் சிறிதாகக் கணிப்பு நுட்பமாகும். நம் நாட்டில் 12 கிலோமீட்டர் அகலமுள்ள கட்டங்களைக் கொண்ட மாதிரி பயன்பட்டு வந்தது. 2025 மே 26ஆம் நாள், புனேயிலுள்ள இந்திய வெப்பமண்டல வானிலை ஆய்வுக் கழகம் உருவாக்கிய ‘பாரத் முன்கணிப்பு அமைப்பு’ நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. அதன் கட்டம் 6 கிலோமீட்டர். ‘அர்கா’ என்னும் மீத்திறன் கணிப்பொறி அதை இயக்குகிறது. உலகத் தரத்தில் இது பெரிய முன்னேற்றம் என்பதில் ஐயமில்லை.

ஆயினும் எண்ணிப் பாருங்கள். காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே முக்கொம்பிலிருந்து கல்லணை நோக்கி நீண்டு கிடக்கும் ஸ்ரீரங்கம் தீவின் குறுக்களவு சில கிலோமீட்டர்தான். ஆற்று நீர், வெண்மணல், வாழைத் தோட்டம், நெல்வயல், நெருங்கிய வீடுகள், சிமெண்ட்டுச் சாலை, அக்கரையில் திருச்சி நகரம் ஆகிய அனைத்தும் ஒரே கட்டத்துக்குள் அடங்கிவிடக் கூடும். அத்தனைக்கும் சேர்த்துக் கணிப்பொறி கொடுப்பது ஒரே ஒரு வெப்பநிலை!

மணல் விரைவில் குளிரும். நீர் மெல்லக் குளிரும். மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12இல் திறக்கப்பட்டு ஜனவரி 28இல் மூடப்படும். காவிரியில் நீரோடும் மாதத்து இரவும், வெறும் மணலாய்க் கிடக்கும் மாதத்து இரவும் ஒன்றாக இரா. நகரத்தின் கல்லும் சிமெண்ட்டும் பகலில் குடித்த வெயிலை இரவு முழுவதும் கக்கிக்கொண்டிருக்கும். நம் வானிலை அளவீட்டு நிலையமோ திருச்சி விமான நிலையத்தில் இருக்கிறது. அங்கிருந்து ஸ்ரீரங்கம் பத்துக் கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ளது. வாழைத் தோட்டத்தவரும் கடைவீதிக்காரரும் ஒரே எண்ணைக் கேட்டு வெவ்வேறு குளிரை உணர்வதன் இரகசியம் இப்போது விளங்குகிறதல்லவா?

வேண்டுமென்றே செய்யப்படும் கலக்கல்

கட்டத்தை இன்னும் சிறிதாக்கினால் எல்லாம் சரியாகிவிடுமா? ஆகாது. இரவுக் காற்றின் இயல்பே கணிதத்துக்கு எளிதில் அடங்காதது.

பகலில் காற்றுச் சுழல்கள் ஒரு கிலோமீட்டர் அளவுக்குப் பெரியவை. அமைதியான இரவில் அவை சில மீட்டரே இருக்கும். சில வேளைகளில் அதனினும் சிறியவை. எந்த நாட்டு முன்கணிப்பு மாதிரியாலும் அவற்றைத் தனித்தனியே காண இயலாது. எனவே, ‘இவ்வளவு காற்று வீசினால் இவ்வளவு கலக்கும்’ என்று தோராயமான ஒரு சூத்திரத்தை விஞ்ஞானிகள் மாதிரிக்குள் எழுதி வைக்கின்றனர். சிக்கல் தொடங்குவது அந்தச் சூத்திரத்தில்தான்.

இரவுக் காற்று தொடர்ந்து அடங்கியிருப்பதும் இல்லை. ஒரு மணி நேரம் அசையாமல் நிற்கும், பிறகு திடீரென ஒரு சிலிர்ப்பு வந்து மேலே இருந்த சூடான காற்றைக் கீழே இறக்கிவிடும், மறுபடியும் அடங்கும். ஒரு மெல்லிய மேகம் குறுக்கே வந்தாலும் நிலம் குளிர்வது நின்றுவிடும். குளிரக் குளிரக் காற்று மேலும் அடங்கும். அடங்க அடங்க மேலும் குளிரும். இப்படி ஒன்றையொன்று தூண்டிவிடுவதால், தொடக்கத்தில் நேரும் சிறு பிழை விடிவதற்குள் பல டிகிரி பிழையாக வளர்ந்துவிடக் கூடும்.

இதைச் சோதிப்பதற்கென்றே ‘கேப்ள்ஸ்’ என்னும் சர்வதேச ஆய்வுத் திட்டம் நடைபெற்றது. பல நாடுகளின் மாதிரிகளுக்கு ஒரே இரவைக் கொடுத்து, விடைகளை ஒப்பிட்டுப் பார்த்தனர். முதற் கட்ட முடிவுகள் 2006இல் வெளியாயின. அன்றாட முன்கணிப்புக்குப் பயன்படும் மாதிரிகள் இரவுக் காற்றை உண்மையில் உள்ளதைவிட மிகுதியாகக் கலக்குகின்றன என்பதே அதில் தெரியவந்த உண்மை. அதனால் மாதிரி காட்டும் இரவுப் படலம் உண்மைப் படலத்தைவிடத் தடித்ததாக இருக்கிறது. அடுத்த சோதனைகளுக்கு, 1999 அக்டோபரில் அமெரிக்காவின் கான்சாஸ் சமவெளியில் எடுத்த அளவீடுகளும், நெதர்லாந்தின் கபாவ் என்னுமிடத்தில் நிற்கும் 213 மீட்டர் கோபுரத்தின் அளவீடுகளும் பயன்பட்டன.

தவறு தெரிந்த பின் திருத்திவிட வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். அங்கேதான் சங்கடம். கலக்கலைக் குறைத்தால் சில இடங்களில் மாதிரியின் நிலம் எல்லை மீறிக் குளிர்ந்துவிடுகிறது. தொலைதூரத்துப் புயல் மண்டலங்களைப் பற்றிய கணிப்பும் கெடுகிறது. இந்த இக்கட்டை ஐரோப்பிய நடுத்தரக் கால வானிலை முன்கணிப்பு மையத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2013இல் வெளிப்படையாகவே எழுதினர். உலகிலேயே சிறந்ததென மதிக்கப்படும் மையங்களுள் ஒன்று அது. பெரிய கணக்குச் சரியாக வருவதற்காகச் சிறிய கணக்கில் விட்டுக்கொடுத்திருக்கிறார்கள். உலகம் முழுவதற்கும் பயன்தரும் அந்தச் சமரசத்தின் விலையைத் தெளிந்த வானமும் அடங்கிய காற்றும் உள்ள இரவுகள் கொடுக்கின்றன.

திருவானைக்காவலில் பிறந்தவரின் மாணவர்

இரவுக் காற்று எவ்வளவு புதிரானது என்பதை உலகுக்கு முதலில் காட்டியவர்களுள் ஒருவர் நம் நாட்டவர் என்பதைப் பலர் அறியார். அவருக்கு நம் ஊரோடு ஓர் உறவும் உண்டு.

1930இல் நோபல் பரிசு பெற்ற சர் சி.வி. இராமன், 1888 நவம்பர் 7ஆம் நாள் பிறந்தது ஸ்ரீரங்கம் தீவிலுள்ள திருவானைக்காவலில். கல்கத்தாவில் அவரிடம் பயின்ற மாணவர்களுள் ஒருவர் பாலக்காட்டைச் சேர்ந்த எல்.ஏ. இராமதாஸ். பின்னர் இந்திய வானிலைத் துறையில் சேர்ந்து, புனேயில் வேளாண் வானிலை ஆராய்ச்சியை வளர்த்தவர் அவர்.

தெளிந்த இரவில் நிலத்தைத் தொட்ட காற்றே எல்லாவற்றிலும் குளிர்ந்தது என்பதுதான் அக்கால விஞ்ஞானத்தின் முடிவு. சற்று முன்னர் நானும் அவ்வாறுதான் விளக்கினேன். பொதுவாக அது சரியே. ஆனால் இராமதாஸ், வெப்பமானிகளை வெவ்வேறு உயரங்களில் வைத்து இந்தியாவின் பல இடங்களில் அளந்து பார்த்தார். மிகக் குளிர்ந்த காற்று தரையில் இல்லை. தரைக்குச் சில பத்து சென்டிமீட்டர் மேலே, ஏறத்தாழ முழங்கால் உயரத்தில் இருந்தது! தரையைவிட அங்கே சில டிகிரி குறைந்திருந்தது. ஆத்மநாதன் என்பவரோடு இணைந்து 1932இல் இதை அவர் வெளியிட்டார்.

மேல்நாட்டு அறிஞர்கள் எளிதில் நம்பவில்லை. கனத்த குளிர்காற்று இலேசான சூடான காற்றின் மேல் எப்படி நிற்கும்? கருவியில் ஏதோ பிழை என்றனர். பின்னர் பிற நாடுகளிலும் அளந்து பார்த்து உண்மையென ஒப்புக்கொண்டனர். இன்று அது ‘இராமதாஸ் படலம்’ என்று அவர் பெயராலேயே வழங்குகிறது. ரொத்தம் நரசிம்மா முதலிய பெங்களூர் விஞ்ஞானிகள் 1993இல் வெப்பக் கதிர்வீச்சின் அடிப்படையில் இதற்கு ஒரு கோட்பாட்டை வகுத்தனர். அதே பெங்களூரிலுள்ள ஜவாஹர்லால் நேரு உயராய்வு மையத்தினர் பின்னர் அதை மறுத்து, தரையை ஒட்டி மிதக்கும் நுண் துகள்களே காரணம் என்று தங்கள் ஆய்வுகளில் காட்டினர்.

ஐரோப்பிய மாதிரியின் மிகத் தாழ்ந்த அடுக்கே தரையிலிருந்து சுமார் 10 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நாம் செய்தியில் கேட்கும் வெப்பநிலையோ ஆளுயரத்தில் உள்ள காற்றினுடையது. அந்த அடுக்குக்கும் தரைக்கும் இடைப்பட்டதை ஒரு சூத்திரத்தால் நிரப்பிக்கொள்கிறார்கள். முழங்கால் உயரத்து விந்தை அந்தச் சல்லடையின் கண்ணில் எப்படிச் சிக்கும்?

காற்று அசையாத அந்த இரவு

இவையெல்லாம் விஞ்ஞானிகளின் வாதம், நமக்கென்ன என்று எவரேனும் நினைத்தால், அவர் போபாலை நினைத்துப் பார்க்கட்டும்.

1984 டிசம்பர் 2ஆம் நாள் நள்ளிரவு கடந்து, யூனியன் கார்பைடு தொழிற்சாலையிலிருந்து ஏறத்தாழ 40 டன் மெத்தில் ஐசோசயனேட் நச்சுவாயு வெளியேறியது. குளிர்கால இரவு, தெளிந்த வானம், மிக மெல்லிய காற்று. பகலாக இருந்திருந்தால் வாயுவின் பெரும்பகுதி மேலெழுந்து நீர்த்திருக்கும். அன்றிரவோ, நாம் மேலே கண்ட அந்த மூடிக்குள் வாயு அகப்பட்டுக்கொண்டது. காற்றைவிடக் கனமான அது, உறங்கிக்கொண்டிருந்த ஏழை மக்களின் குடிசைகளுக்குள் தவழ்ந்து சென்றது. ஆயிரக்கணக்கானோர் மாண்டனர், இன்றளவும் அதன் வடுவைச் சுமப்போர் பலர். முஸ்லிம்கள் பெருந்தொகையாக வாழும் நகரம் அது. வாயு எவ்வழியே பரவியது என்பதைத் தில்லி ஐ.ஐ.டி. ஆய்வாளர்கள் பின்னர் கணித மாதிரியைக் கொண்டு ஆராய்ந்து 1987இல் வெளியிட்டனர். இன்று நம் மாநிலத்துக் கல்பாக்கத்தில், விபத்து நேர்ந்தால் கதிரியக்கப் பொருள் எத்திசையில், எவ்வளவு தொலைவு பரவும் என்பதை வானிலை மாதிரியால் கணிக்கும் அமைப்பு ஏற்படுத்தப்பட்டுள்ளது. அத்தகைய அமைப்புகளுக்கு மிகக் கடினமான சோதனை அமைதியான இரவுதான். கணிப்பில் படலம் இருமடங்கு தடித்துக் காட்டப்பட்டால், நச்சின் அடர்த்தி பாதியாகக் குறைத்துக் காட்டப்படும். எத்தனை தெருக்களை எழுப்பி அப்புறப்படுத்துவது என்ற முடிவே அதனால் மாறிவிடும்.

பனிமூட்டமும் இதே படலத்தின் பிள்ளைதான். தில்லி விமான நிலையத்தில் 2015-16 குளிர்காலத்தில் ‘குளிர்காலப் பனிமூட்டப் பரிசோதனை’ தொடங்கப்பட்டு, ஆண்டுதோறும் அளவீடுகள் எடுக்கப்பட்டு வருகின்றன. அவற்றைக் கொண்டு பனிமூட்டக் கணிப்புக்கென்றே தனி மாதிரியைச் செம்மைப்படுத்தி வருகின்றனர். அருகிலிருந்து அளந்தால் மாதிரி திருந்தும் என்பதற்கு இது நல்ல சான்று.

சென்னையும் இப்பாடத்தைக் கற்றது. 2018 ஜனவரி 13, போகி விடியலில், பழையன எரித்த புகை பனியோடு கலந்து நகரை மூடியது. பல விமானங்கள் இறங்க இயலாமல் வேறு ஊர்களுக்குத் திருப்பி விடப்பட்டன. ஒரு சமுதாயத்தாரைக் குறை கூறுவதற்காக இதைச் சொல்லவில்லை. குப்பைமேட்டுக்குத் தீ வைப்பதில் எந்தச் சமுதாயத்தாரும் விலக்கல்லர்.

நாம் செய்யக் கூடியவை

முன்னறிவிப்பை இகழ வேண்டாம். அதன் பலமும் பலவீனமும் எங்கே என்று அறிந்து பயன்படுத்துவோம். புயல், பெருமழை பற்றிய எச்சரிக்கைக்குத் தயங்காது செவி சாய்ப்போம். மேகமும் காற்றும் உள்ள இரவாயின் அறிவித்த வெப்பநிலை பெரும்பாலும் ஒத்துவரும். வானம் தெளிந்து, இலை அசையாத இரவாயின், அறிவித்த எண்ணோடு இரண்டு மூன்று டிகிரி கூட்டியோ குறைத்தோ எண்ணிக்கொள்வது விவேகம்: தோட்டத்து ஓரமாயின் குறைத்து; நெருக்கமான நகரமாயின் கூட்டி.

கோடையில் இக்கணக்கு இன்னும் முக்கியமானது. ‘இரவில் 27 டிகிரிதான்’ என்ற செய்தி, மொட்டை மாடியின் கீழ் அடைபட்ட அறையில் படுத்திருக்கும் முதியவருக்குப் பொருந்தாது. அவரது படுக்கையைக் காற்றோட்டமான இடத்துக்கு மாற்றுங்கள். தண்ணீரைக் கைக்கு எட்டும்படி வையுங்கள்.

குப்பையை எரிக்காதிருப்பதே மேல். அதிலும் இஷாவுக்குப் பின்னும் பஜ்ருக்கு முன்னும் எரிப்பது மிகக் கெடுதல். பகலில் ஆயிரம் மீட்டர் உயரத்துக்குப் பரவும் புகை, இரவில் நூறு மீட்டருக்குள் அடைபடும்போது பத்து மடங்கு அடர்த்தியாகிறது. அடுத்த வீட்டு ஆஸ்துமா நோயாளியின் மூச்சுக்குள் போவது அந்தப் பத்து மடங்குப் புகைதான். அண்டை வீட்டார் உரிமையைப் பற்றிப் பேசும் நாம், இதையும் அவ்வுரிமையில் சேர்த்துக்கொள்ள வேண்டும். விடியற்காலையில் நெடுஞ்சாலையில் பயணம் செய்வோர், முன்னறிவிப்பில் பனிமூட்டம் இல்லாவிடினும், ஆற்றோரத்திலும் வயல்வெளியிலும் வேகத்தைக் குறையுங்கள்.

இறுதியாக, பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். கணிப்பொறி எவ்வளவு பெரிதானாலும், நம் தெருவின் இரவை அதற்குச் சொல்லிக் கொடுக்க யாராவது அளந்தாக வேண்டும். இராமதாஸ் பெரும் புதிரைக் கண்டுபிடித்தது வெப்பமானிகளைக் கொண்டுதான். 1951இல் தொடங்கிய ஜமால் முஹம்மது கல்லூரி முதலாகத் திருச்சியில் கல்லூரிகளுக்குக் குறைவில்லை. இயற்பியல் படிக்கும் நம் பிள்ளைகளும் பலர். காவிரி மணலில் ஒன்று, தோட்டத்தில் ஒன்று, கடைவீதியில் ஒன்று, மொட்டை மாடியில் ஒன்று என வெப்பமானிகளை வைத்து, ஒரு குளிர்காலம் முழுவதும் ஸஹர் நேரத்தில் குறித்து வரட்டும். ஆறு கிலோமீட்டர்க் கட்டத்துக்குள் ஒளிந்திருக்கும் வேறுபாடுகள் அந்த நோட்டுப் புத்தகத்தில் வெளிப்படும். விடியலுக்கு முன் எழும் பழக்கம் நம் வீடுகளில் ஏற்கெனவே உண்டு. அந்த நேரத்தில் அளந்து எழுத ஒரு பென்சிலும் இருந்தால், இன்ஷா அல்லாஹ், அடுத்த தலைமுறைக்கு இரவுக் காற்று இவ்வளவு புதிராக இராது.